நமது நிருபர்

அங்கே திங்கள் மாலை ஏழு.
இங்கே செவ்வாய் விடிகாலை நாலரை.
காரைக்குடி செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடை மாடியில்
நானும் சிகப்பியும்
ஒஹாயோவின் ஆல்டன் ஃபோர்க் நகர்மன்றத்தைத் திறக்கிறோம்.

உத்தரத்தில் ஒரே ஒரு கேமரா.
ஏழு தலைகள், அதில் மூன்று வழுக்கை,
ஒரு கொடி, ஒரு காபிக் குடுவை.
ஓரத்தில் 'பத்திரிகை' என்று அட்டை ஒட்டிய நாற்காலி.
அதில் யாரும் இல்லை.
அதில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாரத்துக்கு எட்டுப் பக்கம்.
பக்கத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாய்.
இடுப்பெலும்பு மாற்றியபின் படியேற முடியாத ஆசிரியர்
லாயிட் ப்ரூயெட் சொன்னார்:
"பெயர் வேண்டாம். 'நமது நிருபர்' போதும்."

அவர்கள் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைச்
சிகப்பி ஒருநாள் வாசித்துக் காட்டினாள்.
பத்திரிகையின் வாயைக் கட்டச் சட்டம் செய்யாதே
என்று ஒரு சட்டம்.
"இவ்வளவுதானா?
எங்க வீட்டுப் பால் கணக்கு இதைவிட நீளம்."

லாயிடும் உத்தமர் இல்லை.
டிராக்டர் கடைக்காரர் மகன் குடித்துவிட்டு
பள்ளி வேலியை இடித்த செய்தியை,
கடைசிப் பக்க விளம்பரத்தை நினைத்து
எடுத்துவிடச் சொன்னார்.
எடுத்தேன்.
அந்த இடத்தில் பூசணிக்காய்ப் போட்டி முடிவுகள்.

அக்டோபரில் ஒரு கூட்டம் தொடங்குமுன்
மைக் அணைந்திருப்பதாக நினைத்து
மேயர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:
மேற்குத் தெருக் குழாய்த் தண்ணீரில் ஈயம்.
தேர்தல் முடியட்டும்.
நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். காலி.
சிரித்தார்.

குறிப்பேட்டில் 'ஈயம்' என்று எழுதினேன்.
ரசம் வைக்கும் சொம்பு நினைவுக்கு வந்தது.
அடித்துவிட்டுக் 'காரீயம்' என்றேன்.
மூன்று முறை ஓட்டிக் கேட்டேன்.
லாயிட் நாலு பேருக்குப் போன் போட்டு
பரிசோதனைத் தாளைக் கைப்பற்றினார்.
முதல் பக்கம், ஐந்து பத்தி.

மேயர் கடிதம் எழுதினார்:
'அந்த அறையில் உங்கள் நிருபர் இல்லவே இல்லை.'
உண்மைதான். அதையும் அச்சிட்டோம்.

யாரும் வழக்குப் போடவில்லை.
போலீஸ் வரவில்லை.
டிசம்பரில் ஒரு தீர்மானம் மட்டும்:
ஏல அறிவிப்பு, வரி அறிவிப்பு, வீடு இடிக்கும் அறிவிப்பு
எதையும் இனிப் பத்திரிகையில் போட வேண்டியதில்லை,
நகராட்சியே தன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.
ஐந்துக்கு இரண்டு.
அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன்,
நூற்றுப் பன்னிரண்டு சொல்லில்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது
என்றுதான் கேட்டு வளர்ந்தேன்.
அவர்கள் எதையும் மூடவில்லை.
விறகை எடுத்துவிட்டார்கள்.

பிப்ரவரியில் கடைசி இதழ்.
எட்டாம் பக்கத்தின் கீழ்மூலையில்
இரண்டு அங்குலம் மிஞ்சியது.
"வெள்ளையாகவே விடு" என்றார் லாயிட்.

அந்த வாரம் எங்கள் குழாயில்
மூன்று நாளாய் மஞ்சள் தண்ணீர்.
ஆல்டன் ஃபோர்க்கின் சாக்கடை வரவு செலவு
எனக்கு மனப்பாடம்.
எங்கள் வார்டு உறுப்பினர் பெயரைச்
சிகப்பியிடம் கேட்டேன்.
அவளுக்கும் தெரியவில்லை.

மாநகராட்சிக்கு நடந்தே போனேன், பதினொரு நிமிஷம்.
வாசலில் பதிவேடு வைத்திருந்தவர் கேட்டார்:
"எந்தப் பேப்பர்?"
வாயில் வந்ததைச் சொன்னேன்.
'ஆள்டன் போர்க்கு' என்று எழுதிக்கொண்டார்.
"மதுரைப் பதிப்பா?"
"இல்லைங்க, நின்னுபோச்சு."
என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு
கதவைத் தள்ளிவிட்டார்.

கடைசி வரிசை, ஒரு கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி.
அட்டை எதுவும் ஒட்டியில்லை.
"தீர்மானம் நாற்பத்தொன்று முதல் அறுபத்தாறு வரை"
என்றது மேடை.
யாரும் வாசிக்கவில்லை.
நான் பேனா மூடியைத் திறப்பதற்குள்
இருபத்தாறும் நிறைவேறிவிட்டன.