மேல்விலங்கு

பாளை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில்
பக்கத்துக்குப் பதினெட்டு ரூபாய்க்கு
கல்யாணப் பத்திரிகை, கோர்ட் பிராது, காதுகுத்து
எதையும் அடித்துக் கொடுப்பவன் நான்.
ஆவுடையம்மாள் கொண்டுவந்தது நாவல்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள்.
பழைய கணக்குத் தாள்களின் முதுகில்
நானூற்றுப் பதினோரு பக்கம்,
பென்சிலில்.

சிந்துபூந்துறையில் ஒரு தெரு.
வீட்டுக்கு ஓர் அத்தியாயம்,
தலைப்பு மீட்டர் எண்.
மீட்டர் இருக்கும் இடம் வரைக்கும்தான்
கதையும் உள்ளே போகும்.
அதற்கு அப்பால் ஓர் இருமல், ஒரு தாளிப்பு,
'கேஸ் முடிஞ்சிட்டா' என்று யாரோ யாரையோ கேட்பது.

சில வருஷம் கழித்து
வடகடல் ஓரத்து ஏதோ ஊரில்
உலகம் முழுக்கச் சலித்து
ஆறு புத்தகம் பொறுக்கினார்கள்.
ஆறில் ஒன்று இது.
நடுவர்கள் எழுதியதைப் பேப்பரில்
தமிழாக்கிப் போட்டிருந்தார்கள்:
'மழை பெய்தது. வாசல் நினைந்தது.
இந்த இரண்டு வாக்கியங்களுக்காக மட்டுமே
இந்நூலைத் திரும்பத் திரும்பத் திறந்தோம்.'
டீக்கடையில் நின்று படித்தேன்.
டீ ஆடை கட்டிவிட்டது.

அவள் எழுதியது 'நனைந்தது'.

கரண்டு வருவதும் போவதுமாக இருந்த மதியம்,
ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை அவசரம் வேறு.
என் வலது சுண்டுவிரல்
யாரையும் கேளாமல் போட்ட மேல்விலங்கு அது.
ந-வின் தலையில் ஒரு வளைவு, அவ்வளவுதான்.
நனைய வேண்டிய வாசல்
நினைக்க உட்கார்ந்துவிட்டது.
மொழிபெயர்த்தவர் எங்கேயோ இருந்துகொண்டு
அந்த வாசலை நம்பியிருக்கிறார், பாவம்.

மற்ற ஐந்து பேரின் படத்தையும் பார்த்தேன்.
ஒருவர் தீவுக்காரர்,
அவர் பாஷை பேசுகிற மொத்தப் பேரும்
நம் ஆனித் தேருக்கு வந்தால்
ஒரு வடத்துக்குக் காணாது.
ஒருத்தி மீன் ஆலையில் செதிள் சுரண்டியவள்.
எழுதியதற்காக எட்டு வருஷம்
நிஜ விலங்கு மாட்டியிருந்தவர் ஒருவர்.
அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் புத்தகங்களிலும்
பேர் தெரியாத ஒரு சுண்டுவிரல் இருக்குமா?
இருந்தால் அதுவும் இப்படித்தான்
தூங்காமல் கிடக்குமா?

அறிவித்தபோது நமக்கு ராத்திரி ஒன்றரை.
கடையிலேயே இருந்து போனில் பார்த்தேன்.
தீவுக்காரருக்குக் கொடுத்தார்கள்.
மேடையேறி அவர் பேசியது
அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் புரியவில்லை,
எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
கேமரா ஒரு கணம் ஆவுடையம்மாள் மேல் விழுந்தது.
பச்சைப் பட்டு, இரவல் ஸ்வெட்டர்.
அண்ணாந்து
சரவிளக்கின் பல்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வந்த மறுவாரம் ரீடிங்குக்கு வந்தாள்.
'அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு'
என்று தொடங்கியதும்
'வாசலா?' என்றாள்.
'ப்ரூஃப்லயே பாத்தேன்.'
'மாத்தலையா?'
டார்ச்சை என் மீட்டர்மேல் அடித்தபடியே சொன்னாள்:
'நீ அடிச்சதுக்கும் ப்ரூஃப் வந்ததுக்கும் நடுவுலதான
அந்த மார்கழி வெள்ளம் வந்துச்சு.
பெறவு அந்தத் தெருவுக்கு ரீடிங்குக்குப் போனா
வாசலுக்கு வாசல் இடுப்பு உசரத்துல கோடு.
வெறுமன நனைஞ்சதுன்னா
காஞ்சிருக்கணும்லா?'

நான் பேசவில்லை.
வெள்ளை அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு
நிமிர்ந்தாள்.
'அது கெடக்கட்டும்.
ஏழு பக்கத்துக்கு ரெண்டு தடவ துட்டு வாங்கிருக்க.'
நூற்று இருபத்தாறு ரூபாய்.
எண்ணிக் கொடுத்தேன்.
அவளும் ஒருமுறை எண்ணினாள்.