அளவுகோலாக ஒரு செருப்பு

நிப்பூரில் கடவுளின் கோபுரம்
மழை அரித்த மண்மேடு இப்போது.
அங்கே கிடைத்ததெல்லாம் கணக்கு வழக்கு:
இத்தனை பார்லி, இத்தனை ஆடு,
பூசாரிக்கு எண்ணெய், வாயிற்காவலனுக்குப் பாக்கி.
நாங்கள் தோண்டுவது தெற்கே,
யாரோ ஒருவரின் சமையலறை.

அடுப்புச் சாம்பலுக்கு ஒரு முழம் கீழே
அவள் கிடந்தாள்,
முழங்கால் மடக்கி, வாயருகே கிண்ணம் ஏந்தி.
மேலே தரையை நான்கு முறை பூசியிருக்கிறார்கள்.
நான்கு முறையும் அடுப்பு அதே இடத்தில்.
செத்தவளைத் தள்ளி வைக்க
வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

படமெடுக்கும் நேரம் பார்த்துப் புழுதிக்காற்று
கறுப்புவெள்ளைக் கோலை அள்ளிக்கொண்டு போயிற்று.
வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.
மிஸ்அல் இடதுகால் செருப்பைக் கழற்றினான்.
தலைமாட்டில் வைக்கப் போன கை
பாதியில் நின்றது.
சுற்றி வந்து காலடியில் வைத்தான்.
"இருபத்தேழு சென்டிமீட்டர்,
கடைக்காரன் பொய் சொன்னாலும் இது சொல்லாது."

பதிவேட்டில் எழுதினேன்:
புதைகுழி பதினாறு. பெண். நாற்பதுக்குள்.
அளவு: செருப்பு.
பாக்தாதிலிருந்து தொலைபேசியில்
அரைமணி நேரம் திட்டினார்கள்.

எலும்புகள் பெட்டிக்குள் போன அன்று
மிஸ்அல் குழியைப் பார்த்தபடி கேட்டான்:
"அஃபக்கில் என் மனைவி இன்று மீன் சுடுவாள்.
அடுப்படியில் இனி எப்படி நிற்பது?"
நான் சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை.

ஊர் வண்டி வந்தது.
வெறுங்காலோடு ஏறினான்,
செருப்பு இரண்டும் கையில்.