நடுநூல்

வெள்ளவத்தையில் போட்டோகொப்பிக் கடைக்கு மேலே
சனிக்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு.
மூன்று பேர், ஒரு மின்விசிறி.
கடற்கரையோரம் ரயில் போகும்போதெல்லாம்
சட்டத்தில் கட்டிய நாற்பத்தெட்டு நூலும்
ஒன்றாய் நடுங்கும்.

இதற்குப் பெயர் ஸ்ப்ராங் என்றேன்.
"ஸ்பிரிங்கா?" என்றாள் ரிஸ்மியா.
இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்,
அதனால் மறுக்கவில்லை.
தமிழில் என்ன?
தெரியாது. பாவு உண்டு, ஊடு இல்லை.
ஊடு இல்லாவிட்டாலும் ஊடல் உண்டு,
போகப் போகத் தெரியும் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.

நான் பழகியது ஒரு படத்தைப் பார்த்து.
இரண்டு கைகள். முகம் இல்லை.
அதில் எது இடது என்று பிடிபடவே
ஒரு மழைக்காலம் போயிற்று.
பகலில் நான் கணக்காளர்.
வரவு ஒன்று எழுதினால்
பற்று ஒன்றும் எழுதவேண்டும், அது எங்கள் வேதம்.
இங்கே மேல்பாதியை மட்டும்தான் நான் எழுதுகிறேன்;
கீழ்ப்பாதியை, கைபடாத இடத்தில்,
நூல் தானே எழுதிக்கொள்கிறது
முகம் திருப்பி.
என் பிழையையும் சேர்த்து.

பின்னால் இருப்பதை எடு, முன்னால் இருப்பதை விடு.
எடு, விடு.
தினுஷாவுக்கு: கன்ன, அதாரின்ன.
ஓரத்தில் மட்டும் இரண்டு, பிறகு ஒன்றுக்கு ஒன்று.
வரிசை முடிந்ததும்
விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குகளில் ஒன்றை
மேலே தள்ளு, ஒன்றைக் கீழே.

சவிரிமுத்து துறைமுகத்தில் கப்பல்வடம் பிணைப்பவர்.
ஏன் வந்தார் என்று கேட்கவில்லை.
கட்டைவிரல் அகலத்துக்குள்
என் மூன்று நூல் மறைந்துவிடும்.
"இதில முடிச்சு எங்க, மிஸ்?"
முடிச்சே இல்லை.
"அப்ப எப்பிடி நிக்குது?"
ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது.
நம்பாத மனிதர் கயிறைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

நடுநூலைப் பற்றிச் சொன்ன கிழமை
இரவு வேலை முடித்து வந்து
கதிரையிலேயே கண்ணயர்ந்திருந்தார்.
மேலும் கீழும் வந்து சந்திக்கும் இடத்தில்
குறுக்கே போகும் ஒற்றை வெள்ளை நூல்;
மற்றதெல்லாம் அதன் பொறுப்பு என்று
மற்ற இருவருக்கும் சொல்லி முடித்தேன்.
எழுப்பவில்லை.

அடுத்த சனி
தொலைபேசி எடுக்க வெளியே போய்த் திரும்பினால்
அவர் விரலில் அந்த வெள்ளை நூல்.
"மிச்சத் துண்டு எண்டு நினைச்சன்."
ஏழு கிழமை வேலை
ரயில் போகும் நேரத்துக்குள் பிரிந்தது.
ஒரு நூலும் அறவில்லை, ஒன்றும் சிக்கவில்லை.
முதல்நாள் போலவே நாற்பத்தெட்டும்
நேராய், குற்றமில்லாமல்.

கத்தினேன். அதை எழுதாமல் விடமுடியாது.
கீழே கொப்பி இயந்திரமே நின்றதுபோல் இருந்தது.
ரிஸ்மியா பையைத் தைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.
அவர் மட்டும் நூல்களைத் தடவிப் பார்த்தபடி,
மெதுவாய்:
"அவிழாத முடிச்சு கப்பலுக்கு உதவாது, மிஸ்.
அவசரத்தில கோடாலிதான் எடுக்கவேணும்.
இது நல்ல சாமான்."

பிறகு சட்டத்தின் மறுபக்கம்
கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
எனக்கு முன்னால் இருப்பது அவருக்குப் பின்னால்.
நான் எடு என்ற நூலை
அவர் பக்கத்திலிருந்து விடு என்று சொல்லவேண்டும்.
முதல் வரிசைக்கே நாற்பது நிமிடம்.
படத்தில் முகம் இல்லாத அந்தக் கைகள்
யாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தன என்று
முதன்முறையாக யோசித்தேன்.

இந்தக் கிழமை
ஜன்னல் கம்பியில் தானே செய்த சட்டத்தோடு வந்தார்.
அறுபது நூல், புறக்கோட்டை நைலோன், மஞ்சள்.
ஓரத்தில் ஒரு இடத்தில் தவறு; சொன்னேன்.
"தெரியும். கீழயும் இருக்கு" என்றார்.
நடுவில், வெள்ளை நூல் போகவேண்டிய இடத்தில்,
என் சுண்டுவிரல் பருமனில்
கப்பல்வடத்தின் நீலப் புரி.

"இனி ஆரும்
மிச்சம் எண்டு நினைக்க மாட்டினம்."