செல்லாத சென்ட்

ஒரே மில். ஒரே மிளகாய், ஒரே மல்லி,
அரைக்கிறவர்களுக்கு ஒரே தும்மல்.
வெளியே வரும்போது இரண்டு பாக்கெட்.

சிவப்பு, முப்பத்தொன்பது ராண்ட் தொண்ணூற்றொன்பது சென்ட்.
கறுப்பில் தங்க எழுத்து: எண்பத்தைந்து.
சில்லறை ஒட்டாத எண்ணுக்குத்
தனி மிடுக்கு.

அந்த ஒரு சென்ட் நாணயத்தை
இந்த நாடு அடிப்பதை நிறுத்தி எத்தனையோ வருடம்.
கல்லாவில் திருப்பித் தர முடியாத அதை
மிச்சம் பிடித்த முகத்தோடு
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வரிசையில் நகர்கிறது.

நடு அளவு ஜாடி
விற்பதற்காக வைத்ததல்ல.
பெரியதன் பக்கத்தில்
மாப்பிள்ளைத் தோழனாக நிற்கும்;
பெரியது கொள்ளை மலிவாகத் தெரியும்.
நிறுத்தியது நான்தான்.
மாதம் இருபத்தைந்தாம் தேதி
அதற்குத்தான் சம்பளம்.

போன ஜூன் குளிரில் பாக்கெட்டுக்கு
ஐம்பது கிராம் குறைத்தோம். விலை அசையவில்லை.
ஒரு பெரியவர் மட்டும் அலமாரி முன் நின்று
தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கிப் பார்த்தார்.
தன் கைக்குப் பலம் கூடிவிட்டதென்று நினைத்தாரோ என்னவோ,
கூடையில் போட்டுக்கொண்டார்.

ஹேவன்சைடில் மொகாம்பரி அண்ணி வீட்டு விருந்து.
மேசை நடுவே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி,
கறுப்பு பாக்கெட்.
"விலைக்கேற்ற வாசனை" என்றார் சம்பந்தி நாயக்கர்,
எலும்பை உறிஞ்சிக்கொண்டே.
எல்லாம் தெரிந்த என் நாக்குக்கும்
அன்று கறி ஒரு படி தூக்கல்.

பாத்திரம் கழுவுகையில் அண்ணி
காதருகே வந்தாள்:
"காலி உறை ஒண்ணுதான். ரெண்டு வருஷமாச்சு.
சிவப்பை வாங்கி அதுல கொட்டிடுவேன்.
யார்கிட்டயும் மூச்சு விடாதே."

விடவில்லை.
வேலைக்குச் சேர்ந்த அன்று
கம்பெனியும் இதையேதான்
கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னது.