சாவியை எடுத்து, வைத்து

பீடோர் சந்திக்குத் தொழிற்சாலை பஸ் ஐந்து நாற்பதுக்கு வரும்.
ஐந்து இருபதுக்கே கோப்பிக்கு விஷயம் தெரிந்துவிடும்.
ஒரு காலுறை ஏறியதும் மூச்சு மாறும்,
இன்னொன்று ஏறியதும் வாயோரம் நூல் நூலாக எச்சில்.
சாவி கிலுங்கினால் போச்சு.

முதல் மாதம் அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன்.
கதவு நிலையைக் குதறி வைத்திருந்தது,
ஈறில் ரத்தம்,
என் சிலிப்பரில் ஒன்றைக் காணோம்,
வைத்துப் போன சோறு வைத்தபடி.
பேப்பரைச் சுருட்டி ஓர் அடி வைத்தேன்.
அடித்த கையை நக்கிற்று.
அன்றிரவு எனக்கும் சோறு இறங்கவில்லை.

கோப்பியின் கதை இவ்வளவுதான்:
லயத்தை இடிக்கக் கம்பெனி தேதி கொடுத்தது.
கிள்ளான் பிளாட்டில் நாய்க்கு இடமில்லை.
லோரியில் கட்டில் ஏறியது, கேஸ் தோங் ஏறியது,
மல்லிகைத் தொட்டிகூட ஏறியது.
செம்பனைக்குள் சிமெண்டுப் பாலம்வரை ஓடிப்போய்
இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்ததாம்.
கதவு சாத்தினால் லோரி கிளம்பும்.
அது படித்த பாடம் அது ஒன்று.

கால்நடை டாக்டர் திலகேஸ்வரி மருந்து குறைவாகத்தான் எழுதினார்.
"சாவியைப் பொய்யாக்குங்கள்" என்றார்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை
யூனிபார்ம் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன்.
சாவியை எடுத்தேன், வைத்தேன்.
எடுத்தேன், டிவி பார்த்தேன்.
நாற்பது முறை.
கதவுக்கு வெளியே ஐந்து எண்ணும்வரை,
பிறகு பத்து,
முப்பதில் ஊளை.
மறுபடி ஐந்துக்கு இறங்கினேன்.
போகும்போது கொஞ்சல் கூடாது,
வரும்போது கும்மாளம் கூடாது.
இரண்டாவதுதான் கஷ்டம்.
எட்டு மணி நேரம் கையுறை அச்சுகளையே பார்த்த கண்
ஒரு வால் ஆடுவதைப் பார்க்காததுபோல் நடப்பது.

இரண்டு வாரம் லீவு கேட்டேன்.
என்ன காரணம் என்றார் சூப்பர்வைசர்.
சொன்னேன்.
சிரித்துவிட்டு இரண்டு நாள் கொடுத்தார்.

பக்கத்து வீட்டு காக் ரொஹானா
நாயைத் தொடமாட்டார்.
ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி
கணக்கு வைப்பார், வாட்ஸ்அப்பில் வரும்.
திங்கள்: இருபத்தைந்து நிமிடம்.
புதன்: பதினொன்று. மழை, அதனாலும் இருக்கலாம்.
வெள்ளி: நாற்பது. குப்பை லோரி வந்தது.

லோரி என்ற சொல்லை
இரண்டு தடவை படித்தேன்.

நேற்று இடைவேளை மணிக்கு
வியர்த்த விரலோடு போனைத் திறந்தேன்.
'இன்று சத்தமே இல்லை.
பயந்துபோய் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தேன்.
உங்கள் பழைய சட்டைமேல் படுத்திருக்கிறது.
ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு
மூடிக்கொண்டது.'

கொஞ்சம் கழித்து இன்னொன்று:
'நாளைக்குத் துவைக்கத் துணி இல்லை.
ஆனாலும் வெளியே வருவேன்.'