சுரண்டக் காசில்லை

வல்பரைசோவில் சுவரை அளக்கும் முன்
படியை எண்ண வேண்டும்.
இந்த வீட்டுக்கு நூற்றுப் பதினெட்டு.
ஏணிக்கு ஒருதரம், டப்பாக்களுக்கு நாலுதரம்,
கீழேயே மறந்துவிட்ட சுரண்டிக்கு இன்னொருதரம்.

நிவியா கார்கமோ தகரச் சுவரில் நகம் வைக்கிறாள்.
மஞ்சள் பொருக்குப் பொருக்காய் உதிர்கிறது.
அடியில் துரு.

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும்.
ஆறு வருடம் முன்னால், கையில் ஒற்றை ஏணியோடு,
மற்றவன் சொன்னதில் பாதியைச் சொல்லிப் பிடித்த வேலை.
அந்தப் பாதிக்குள் துருத்தடுப்பு அடங்கவில்லை.
தகரத்தின் மேல் நேராக மஞ்சள்.
அன்று சாயங்காலம் என்னமாய் ஜொலித்தது!

"எவனோ ஏமாற்றியிருக்கிறான்" என்கிறார்
வீட்டைப் புதிதாய் வாங்கிய ஓயார்சூன்.
பழைய ரசீதை நீட்டுகிறார்.
பெயர் ஈரத்தில் கரைந்திருக்கிறது.
தொகை கரையவில்லை.

அவள் எழுதுகிறாள்:
கடல் பார்த்த சுவர், உப்புக்காற்று.
சுரண்ட மூன்று நாள்.
துருத்தடுப்பு ஒன்று, வண்ணம் இரண்டு பூச்சு.
படிகள். ஆமாம், படிகளும்.
பன்னிரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேசோ.

"இதைவிட மூன்று மடங்கா?"
ரசீதைத் தட்டுகிறார்.
"என் மச்சினன் பாதிக்கு முடிப்பான்."

"முடிப்பார். நானும் முடித்திருக்கிறேன்."

அவருக்கு அது விளங்கவில்லை.
அவள் காகிதத்தைத் திரும்ப வாங்கி
ஒரே ஒரு வரியை அடிக்கிறாள்.
மற்றதில் ஒரு பேசோ குறையாது.

"சுரண்டுவதற்கு ஏன் வேண்டாம்?"

அளவுநாடா படக்கென்று
சுருண்டு உள்ளே போகிறது.
"நாளைக்கு ஏழு மணிக்கு வரட்டுமா?"