ஒரு ராத்திரிக்குப் பத்துக் காசு

அந்த ஜப்பான் விளையாட்டில்
எந்த ஊருக்குப் போனாலும் ஒரு சத்திரம் உண்டு.
பத்துக் காசு வைத்தால் திரை கறுக்கும்,
நாலு சுரம் ஒலிக்கும்,
விடிந்ததும் நால்வருக்கும்
காயமெல்லாம் ஆறியிருக்கும்.

பாபுராவ் தெருவில் என் லாட்ஜில்
ஒரு ராத்திரிக்கு நானூற்றைம்பது.
வெந்நீர் காலை ஆறு மணிக்கு.
விடிந்தால் யாருக்கும் எதுவும் ஆறியிருக்காது.
ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஆஸ்பத்திரிக்கு நடப்பார்கள்.

ரிப்பேருக்கு வந்து
யாரும் திரும்ப வாங்கிப் போகாத கேம் பெட்டியை
எதிர்க்கடை தப்ரேஸ்
என் மேஜைக்கடியில் மாட்டிக் கொடுத்தான்.
மே மாதம். நடுராத்திரியிலும் சுவர் சுடும்.
தொங்கும் சாவிகளுக்குக் கீழே
நான் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பேன்.

இருநூற்றிநாலு, சுபர்ணா.
சில்சாரிலிருந்து தம்பியோடு வந்தவள்.
ஃபிளாஸ்க்கை நீட்டியவள்
திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.
"ஐந்தாம் பாகமா? இன்னுமா?"
பாதி இந்தி, பாதி கை.

சண்டை அங்கே தொடங்கியது.

அவள் ஒன்பதாம் பாகத்துக் கட்சி.
வாளை எடுத்தால் வீச வேண்டும்,
உருண்டு தப்ப வேண்டும்,
கட்டைவிரல் வலிக்க வேண்டும்.
"உன் அரக்கனைப் பார்.
நீ பைக்குள் மூலிகை தேடி முடிக்கும்வரை
மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான்.
இவ்வளவு மரியாதை தெரிந்தவனை
எதற்கு வெட்ட வேண்டும்?"

நான் முறைக் கட்சி.
நீ அடி, பிறகு அவன்.
நடுவில் யோசிக்க இடமிருக்கிறது,
கதை உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில்தான்.
வைத்தியக்காரியிடம் ஒரே ஒரு மந்திரம் மிச்சம்,
விழுந்து கிடப்பவர்கள் இரண்டு பேர்.
யாரை எழுப்புவது என்று
ஒரு டீ ஆறிப்போகும்வரை யோசித்திருக்கிறேன்.
ஒன்பதாம் பாகத்தில் டீ குடிக்க முடியுமா?

தப்ரேஸ் ஷட்டரை இறக்கிவிட்டு வந்தான்.
"எதுவா இருந்தா இன்னா?
பேச ஆரம்பிச்சா நான் ஸ்கிப் பண்ணிடுவேன்.
வில்லனோட ஊரு எரிஞ்சிச்சாம், அம்மா செத்துட்டாளாம்.
எனக்கின்னா,
என் கடைக்குந்தான் வாடகை ஏறியிருக்கு."
அன்றைக்கு மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

பிறகு கப்பல்காரியைப் பற்றிப் பேச்சு வந்தது.
மூன்றாம் பாகத்தின் நடுவில் செத்துப்போகிறவள்.
"பையில் தொண்ணூற்றொன்பது உயிரிலை இருக்கிறது.
சண்டையில் யார் விழுந்தாலும்
ஒன்றைக் கசக்கி எழுப்புகிறார்கள்.
இவள் விழுந்தால் மட்டும்
சுற்றி நின்று அழுகிறார்கள்.
இதைக் கதை என்கிறாயா? இது மோசடி."
அவள் குரல் மாடிப்படிவரை போனது.
கதைக்கு ஒரு சாவு தேவை என்று
சொல்ல வாயெடுத்து,
படிமேல் இருநூற்றிநாலின் விளக்கைப் பார்த்து
ஃபிளாஸ்க்கை வாங்கி வெந்நீர் பிடிக்கப் போனேன்.
வெந்நீர் வராது என்பது
எனக்குத் தெரியும்.

மறுநாள் ராத்திரி பத்துக்குத் திரும்பினாள்.
"இன்று முழுக்க உன் சண்டைதான். முறை.
எங்கள் டோக்கன் நூற்றுப்பதினெட்டு.
யோசிக்க நிறைய இடம் இருந்தது.
கதை ஒன்றும்
அங்கே உட்கார்ந்திருக்கவில்லை."

தம்பிக்கு என்னவென்று நான் கேட்கவில்லை.
இந்த மேஜையில் கேட்பதில்லை.
அவள்தான் ஒருமுறை சொன்னாள்,
"நீயும் அந்தச் சத்திரக்காரன்தான்.
எத்தனை தடவை பேசினாலும் ஒரே வசனம்.
ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு காப்பி,
வெந்நீர் ஆறு மணிக்கு."

பத்தொன்பதாம் நாள் காலி செய்தார்கள்.
காட்பாடிக்கு ஆட்டோ வந்து நின்றது.
தம்பி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.
வேறொரு வசனம் தேடினேன்.
"சாவி" என்றேன்.
கொடுத்தாள்.

அன்று ராத்திரி ஐந்தாம் பாகத்தைத் திறந்தேன்.
என் நால்வரும் சத்திரத்தில் நின்றார்கள்.
வெளியே வந்து பத்தடி,
புதரிலிருந்து ஒரு சில்லறை அரக்கன்.
மெனுவைத் திறந்து மூலிகை தேடுவதற்குள்
அடித்தான். மறுபடி அடித்தான்.
செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன்.
எதிரி காத்திருக்க வேண்டுமா:
இல்லை.
மாற்றிவிட்டுப் போயிருக்கிறாள்.

மேஜை மணி அடித்தது.
யாரோ, கக்கத்தில் ஃபைலோடு.
"ஒரு நிமிஷம்" என்றேன்.
திரையில் யாரும்
காத்திருக்கவில்லை.